நியூரோஃபீட்பேக்: பணம் கட்டுவதற்கு முன் பலரும் கேட்கும் கேள்விகள்

பையனுக்குக் கவனம் நிற்கவில்லை, தனக்குத் தூக்கம் வரவில்லை, படபடப்பு அடங்கவில்லை என்று வழி தேடுகிறவர்கள் கண்ணில் சீக்கிரமே படும் பெயர்களில் ஒன்று நியூரோஃபீட்பேக். ‘மருந்து இல்லை, பக்கவிளைவு இல்லை, மூளைக்கே பயிற்சி’ என்கின்றன விளம்பரங்கள். பெற்றோரும் மற்றவர்களும் இதைப்பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை அலையை அளப்பதும் பழக்குவதும் நிஜம்தான். அலை மாறியதால்தான் ஆள் தேறினார் என்பது மட்டும் பெரும்பாலான நோய்களில் இன்னும் நிரூபணமாகவில்லை. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கின்றன.

நியூரோஃபீட்பேக் என்றால் என்ன?

மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்யும்போது உண்டாகும் மின் ஏற்ற இறக்கத்தைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிவு செய்யலாம். அதுதான் இ.இ.ஜி.; வலிப்பு என்று போனால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதே பரிசோதனை. நியூரோஃபீட்பேக்கில் அந்தப் பதிவைக் கம்ப்யூட்டர் அப்போதைக்கப்போதே அலசி, குறிப்பிட்ட ஓர் அலை கூடினாலோ குறைந்தாலோ உடனே உங்களுக்குத் தெரிவிக்கிறது. திரையில் படம் பளிச்சென்று தெரியும், ஒரு மணி ஒலிக்கும், விளையாட்டில் கார் வேகம் பிடிக்கும். அந்தச் சின்னப் பரிசுக்காக மூளை கொஞ்சம் கொஞ்சமாக அந்த அலைக்குப் பழகிவிடும் என்பது அடிப்படை எண்ணம்.

கருவி தலைக்குள் எதையும் செலுத்துவதில்லை. ஷாக் ட்ரீட்மென்ட் என்று மக்கள் சொல்லும் இ.சி.டி.க்கும், காந்தத் துடிப்பு கொடுக்கும் டி.எம்.எஸ்.ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆல்பா, தீட்டா, பீட்டா என்கிறார்களே, அவை என்ன?

ஒரு நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை வைத்து அலைகளுக்கு இட்ட பெயர்கள். நொடிக்கு நான்குக்கும் கீழே என்றால் டெல்டா, ஆழ்ந்த தூக்கத்தில் நிறைய வரும். 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 12 அல்லது 13 வரை ஆல்பா, அதற்கு மேல் 30 வரை பீட்டா. ஜெர்மனியின் யெனா நகரத்தில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலையைப் பதிவு செய்தார். 1929இல்தான் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். கண்ணை மூடினால் ஆல்பா பெரிதாவதும், திறந்தவுடன் அடங்கிவிடுவதும் அவர் கண்டது. இன்றும் எந்த இ.இ.ஜி. அறையிலும் ‘கண்ணை மூடுங்க, திறங்க’ என்று சொல்வதைக் கேட்கலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வெளியே கிடைப்பது பல லட்சம் நரம்பணுக்களின் கூட்டுச் சத்தம். சேப்பாக்கம் மைதானத்துக்கு வெளியே நின்றபடி கூச்சலை மட்டும் கேட்டு, விக்கெட் விழுந்ததா சிக்ஸரா என்று ஊகிப்பது போலத்தான். ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் யார் பந்து போட்டார் என்று சொல்ல முடியாது. அதனால் ‘தீட்டா கெட்டது, பீட்டா நல்லது’ என்று யாராவது படம் போட்டு விளக்கினால், கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். அதே பீட்டா பதற்றத்திலும் வரும், கண் சொருகும் நேரத்து அதே தீட்டா மனக்கணக்குப் போடும்போதும் வரும்.

இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது?

சிகாகோவில் ஜோ கமியா 1950களின் கடைசியில் ஓர் எளிய சோதனை செய்தார். ஆளைக் கண்ணை மூடி உட்காரவைத்து, மணி அடிக்கும்போது ‘இப்போது உங்கள் மூளையில் ஆல்பா இருக்கிறதா, இல்லையா?’ என்று கேட்டார். சொன்னது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிவித்தார். பழகப் பழகப் பலரும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் சிலரால் வேண்டும்போது ஆல்பாவை வரவழைக்கவும் முடிந்தது.

இதைவிடச் சுவாரசியமானது லாஸ் ஏஞ்சலஸில் பாரி ஸ்டர்மன் பழக்கிய பூனைகளின் கதை. பூனை அசையாமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும்போது அதன் மூளையின் இயக்கப் பகுதியில் நொடிக்கு 12 முதல் 15 வரையிலான ஓர் அலை வருவதை 1960களில் அவர் கவனித்தார். எஸ்.எம்.ஆர். என்று அதற்குப் பெயர். அந்த அலை வரும்போதெல்லாம் பாலும் கோழி சூப்பும் கலந்து ஊற்றினார். பூனைகள் சீக்கிரமே பழகிக்கொண்டன. பின்னால் வேறொரு வேலையாக, ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசீன் எவ்வளவு நச்சு என்று பார்க்க அதே பூனைகளில் சிலவற்றையும் பயன்படுத்தினார். அந்த ரசாயனம் வலிப்பை வரவழைக்கும். பயிற்சி பெற்ற பூனைகளுக்கு மற்றவற்றைவிடத் தாமதமாகத்தான் வலிப்பு வந்தது. தேடிப்போகாமல் கையில் சிக்கிய முடிவு அது. அதை வைத்து, வலிப்பு நோயுள்ள ஓர் இளம்பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து 1972இல் வெளியிட்டார். 1976இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஜோயல் லூபார் அதைத் துறுதுறுவென்று இருக்கும் ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திப் பார்த்தார். கவனம் நிற்காமல், துறுதுறுவென்று இருக்கும் கோளாறான ஏ.டி.எச்.டி.க்கு என்று இன்று விற்கப்படும் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது.

நியூரோஃபீட்பேக்கை ஆதரிப்பவர்கள் இந்தப் பூனைகளை அடிக்கடி சாட்சிக்கு அழைப்பார்கள். ‘பூனைக்கு என்ன நம்பிக்கையும் எதிர்பார்ப்பும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிகிச்சைக்கு வரும் பிள்ளையோடு அம்மாவும் அப்பாவும் வருகிறார்களே, அவர்களுக்கு எதிர்பார்ப்பு உண்டு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது, கீழே பார்ப்போம்.

ஒரு செஷனில் என்னதான் நடக்கும்?

முதலில் தலை. எண்ணெய் தேய்க்காமல், ஷாம்பு போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து வரச் சொல்வார்கள். நம் ஊரில் இது பெரிய விஷயம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலக்ட்ரோடு தோலோடு சரியாக ஒட்டாது, பதிவு முழுக்க இரைச்சலாகிவிடும். டெக்னீஷியன் ஒரு டேப் எடுத்து, மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு வரை அளந்து, பாதியில் பென்சிலால் புள்ளி வைப்பார். இரண்டு காதுக்கும் நடுவில் அதே மாதிரி ஒரு பாதி. இரண்டும் சந்திக்கும் உச்சந்தலைப் புள்ளிதான் எஸ்.எம்.ஆர். பயிற்சிக்கு வழக்கமான இடம். அங்கே முடியைப் பிரித்து, சொரசொரப்பான ஜெல் தொட்ட பஞ்சால் நாலு தேய் தேய்த்து, பேஸ்ட் வைத்த சின்னக் கிண்ணம் போன்ற எலக்ட்ரோடை அழுத்துவார். இரண்டு காது மடலிலும் ஒவ்வொரு கிளிப். தொடர்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மின்தடையை அளப்பார். 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால் திருப்தி. இதைப் பார்க்காமலே ஆரம்பிக்கிற இடமாக இருந்தால், அந்த ஒன்றை வைத்தே எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் சில நிமிடம் சும்மா உட்கார வைத்து அடிப்படை அளவு எடுப்பார்கள். அதை வைத்து ஓர் எல்லை வகுப்பார்கள். பிறகு பிள்ளை கார்ட்டூன் பார்க்கும். விரும்பிய அலை எல்லையைத் தாண்டினால் படம் பிரகாசமாக ஓடும், இல்லாவிட்டால் மங்கும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று பல சுற்று. மொத்தம் அரை மணி முதல் முக்கால் மணி.

இதில் ஒரு தில்லுமுல்லுக்கு இடம் உண்டு. மூளை அலை வெறும் மைக்ரோவோல்ட் கணக்கு. பல்லைக் கடித்தாலோ நெற்றியைச் சுருக்கினாலோ தசையிலிருந்து வரும் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு பெரிது, அது பீட்டா அளவிலேயே வந்து விழும். பீட்டாவைக் கூட்டச் சொன்னால், தாடையை இறுக்கினால் போதும் என்று சில பிள்ளைகள் தற்செயலாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். திரையில் மதிப்பெண் ஏறும், மூளை அப்படியே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் ஓடும் மூலப் பதிவைப் பார்த்துத் தசை எது, கண் சிமிட்டல் எது என்று பிரிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிள்ளையைத் திரை முன் விட்டுவிட்டு வரவேற்பறைக்குப் போய்விடுகிறவரால் என்ன பயன்?

என்ன செய்தால் அலை மாறும் என்று சொல்லித்தர மாட்டார்களா?

மாட்டார்கள், அவர்களாலும் சொல்ல முடியாது. ‘ரிலாக்ஸாக, ஆனால் கவனமாக இரு’ என்பதோடு சரி. மற்றதைத் திரையைப் பார்த்துப் பார்த்து அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை செஷன் போனாலும் பிடிபடாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

எத்தனை செஷன், எவ்வளவு செலவு?

20 முதல் 40 வரை, வாரம் இரண்டு அல்லது மூன்று என்பது பரவலான வழக்கம். கட்டணம் ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும். கணக்கு மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, செஷனுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் 40 செஷனுக்கு 60,000 ரூபாய். போக்குவரத்தும், வாரத்தில் மூன்று சாயங்காலமும் தனி. அந்த மூன்று சாயங்காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளை விளையாடும் நேரம் அது.

ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுக்குப் பலன் உண்டா?

அதிகம் ஆராயப்பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சிக்குப் பிறகு ‘உங்கள் பிள்ளை எப்படி?’ என்று பெற்றோரைக் கேட்டால், பெரும்பாலும் ‘நல்ல முன்னேற்றம்’ என்றே பதில் வருகிறது. யார் பயிற்சி பெற்றார், யார் பெறவில்லை என்று தெரியாத ஒருவரிடம், உதாரணமாகப் பள்ளி ஆசிரியரிடம், அதே பிள்ளைகளைப்பற்றிக் கேட்டால் அந்த முன்னேற்றம் கரைந்துவிடுகிறது. 2016இல் கோர்டேஸியும் அவர் குழுவினரும் 13 சோதனைகளைச் சேர்த்து அலசியபோது வந்த முடிவு இதுதான்.

‘அப்படியானால் சரியாக ஒரு சோதனை செய்துவிடலாம்’ என்று அமெரிக்காவில், நியூரோஃபீட்பேக்கில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட்டார்கள். 7 முதல் 10 வயது வரையுள்ள 142 குழந்தைகள். ஏ.டி.எச்.டி.யோடு, பீட்டாவுக்கு எதிராகத் தீட்டா அதிகம் உள்ள குழந்தைகளாகவே தேர்ந்தெடுத்தார்கள், அதாவது இந்தப் பயிற்சி யாருக்குப் பொருந்தும் என்று சொல்லப்படுகிறதோ அவர்களையே. ஒரு பகுதியினருக்கு 38 செஷன் நிஜப் பயிற்சி. மற்றவர்களுக்கும் அதே நாற்காலி, அதே எலக்ட்ரோடு, அதே விளையாட்டு. ஆனால் திரையை ஓட்டியது வேறொரு குழந்தையின் பழைய மூளைப் பதிவு. சந்தேகம் வராமல் இருக்க, அந்தந்தக் குழந்தையின் கண் சிமிட்டலையும் தசை அசைவையும் மட்டும் அதன் மேல் ஏற்றிக் காட்டினார்கள். பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியாது. இவ்வளவு சாமர்த்தியமான பொய்ப் பயிற்சியை இந்தத் துறையில் நான் வேறெங்கும் படித்ததில்லை.

முடிவில் இரண்டு குழுவும் தேறியது. நன்றாகவே தேறியது. இரண்டுக்கும் வித்தியாசம் மட்டும் இல்லை, பயிற்சி முடிந்தபோதும் இல்லை, 13 மாதம் கழித்தும் இல்லை.

2024 டிசம்பரில் வெளிவந்த இன்னும் பெரிய அலசலில் 38 சோதனைகளும் 2,472 பேரும் அடக்கம். பயிற்சி பெற்றவர் யாரென்று தெரியாதவர்கள் தந்த மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நன்கு நிலைபெற்ற பயிற்சி முறைகளை மட்டும் தனியாகப் பிரித்தால் ஒரு சிறிய பலன் தெரிந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது சிறியது.

எனவே குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் உறுதி செய்திருந்தால், பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, பள்ளியில் செய்து தர வேண்டிய மாற்றங்கள், தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து, இவைதான் முதலில். இவற்றுக்குப் பதிலாக நியூரோஃபீட்பேக் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இவற்றோடு கூட, கையில் காசும் நேரமும் இருந்தால், என்பது வேறு பேச்சு.

ஆனால் எனக்குத் தெரிந்த பையன் அடியோடு மாறிவிட்டானே?

மாறியிருப்பான். நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன சோதனையில் பொய்ப் பயிற்சி பெற்ற பிள்ளைகளும் மாறினார்கள் அல்லவா? ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று முறை ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, ‘சபாஷ், இப்போ பாரு எவ்வளவு நல்லா வருது’ என்கிறார். வகுப்பில் திட்டு மட்டுமே வாங்கிய பிள்ளைக்கு இதுவே பெரிய மருந்து. அரை மணி அசையாமல் உட்காரப் பழகுகிறான். வீட்டில் பெற்றோரும் ‘சிகிச்சை நடக்கிறது’ என்று பொறுமையாக இருக்கிறார்கள். நாலைந்து மாதத்தில் வயதும் ஏறுகிறது. நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சை தேடுவார்கள். அதற்குப் பிறகு எது செய்தாலும், செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் திபோவும் அமீர் ராஸும் 2017இல் இதையே வாதமாக முன்வைத்தார்கள்: கருவிகளின் பளபளப்பும், தலையில் ஒட்டும் கம்பிகளும், நீண்ட பயிற்சியும் சேர்ந்து மிக வலுவான எதிர்பார்ப்பை உண்டாக்குகின்றன, தேறுவது பெரும்பாலும் அதனால்தான் என்று. அதற்காக அந்தத் தேர்ச்சி பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது என்பதுதான் எனக்கு அதில் தெரிந்த சங்கதி.

வலிப்புக்கு?

2009இல் பழைய ஆய்வுகளிலிருந்து பத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 87 பேரில் 64 பேருக்கு வாராந்திர வலிப்பு குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள், மேலே சொன்ன பொய்ப் பயிற்சி ஒப்பீடு பலவற்றில் இல்லை. நரம்பியல் டாக்டர் கொடுத்த மருந்தை இதை நம்பி ஒருவேளைகூட விடக்கூடாது.

தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு?

தூக்கத்துக்கு: ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மனுவேல் ஷாபுஸ் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கமின்மை உள்ள 25 பேர் எஸ்.எம்.ஆர். பயிற்சியும் பெற்றார்கள், பொய்ப் பயிற்சியும் பெற்றார்கள். நன்றாகத் தூங்குவதாக அவர்களே சொன்னது இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது; கருவியில் அளந்த தூக்கத்தில் மாற்றமில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைப்பது சி.பி.டி.-ஐ என்ற பேச்சு, பழக்க மாற்றச் சிகிச்சை. கம்பி எதுவும் வேண்டாம்.

போரிலோ விபத்திலோ பட்ட அதிர்ச்சி விடாமல் துரத்தும் பி.டி.எஸ்.டி.க்குப் படம் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது. 2023இல், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., ப்ரிஸம் என்ற ஒரு நியூரோஃபீட்பேக் கருவியை மற்ற சிகிச்சையோடு துணையாகப் பயன்படுத்த அனுமதித்தது. துணையாக என்பதைக் கவனியுங்கள். மனச்சோர்வுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்தபடி செய்யும் வேறு வகைப் பயிற்சி உண்டு. பழைய இனிய நினைவுகளை நினைத்துக்கொண்டே அமிக்டலா என்ற பகுதியின் இயக்கத்தைக் கூட்டப் பழகுவார்கள். 2017இல் வந்த, 36 பேர் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வில், மூளையின் வேறு பகுதியைப் பழகியவர்களைவிட அவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. எனக்கு ஆர்வமாகப் படுவது இந்தத் திசைதான். ஆனால் தெருமுனை மையத்தில் கிடைப்பது இது அல்ல, இந்த முடிவை அவர்கள் தங்கள் சுவரில் ஒட்டுவதும் நியாயமல்ல.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிற அளவுக்கு மனச்சோர்வு இருந்தால் எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

பிரெயின் மேப் எடுத்தார்கள், என் மூளை சிவப்பாக இருக்கிறதாம். பயப்பட வேண்டுமா?

அந்த வண்ணப் படம் க்யூ.இ.இ.ஜி. என்ற கணக்கு. 19 இடங்களில் எடுத்த பதிவை, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பலரின் சராசரியோடு ஒப்பிட்டு, சராசரியைவிட அதிகமுள்ள இடத்துக்குச் சிவப்பும் குறைந்த இடத்துக்கு நீலமும் பூசுவார்கள். 19 இடம், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு அலை, அவற்றின் விகிதம், ஒன்றோடொன்று ஒத்துப்போவது என்று நூற்றுக்கணக்கான எண்கள் வரும். அத்தனையில் சில, எந்த ஆரோக்கியமான ஆளுக்கும், தற்செயலாகவே சராசரிக்கு வெளியே விழும். முந்தின இரவு சரியாகத் தூங்காவிட்டாலும் மாறும், கொட்டாவி விட்டாலும் மாறும், சில மாத்திரைகளாலும் மாறும். சிவப்பு நோய் அல்ல.

ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிக்கத் தீட்டா பீட்டா விகிதம் பார்க்கும் ஒரு கருவிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது உண்மை, அதுவும் டாக்டரின் மதிப்பீட்டுக்குத் துணையாகத்தான். 2016இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, டாக்டரின் மதிப்பீடு இருக்கும்போது அந்த விகிதத்தைக் கொண்டு நோயைத் தீர்மானிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. வண்ணப் படத்தைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு உடனே பேக்கேஜ் விலை சொன்னால், அது மருத்துவம் இல்லை, வியாபாரம்.

பக்கவிளைவே இல்லை என்பது உண்மையா?

ஆபத்தானது எதுவும் சாதாரணமாக இல்லை. களைப்பு, தலைவலி, எரிச்சல், அன்றிரவு தூக்கம் கெடுவது ஆகியவை சிலருக்கு வரும், தானாகவே போய்விடும். கண்ணை மூடி ஆழ்ந்த தளர்வுக்குக் கொண்டுபோகும் ஆல்பா தீட்டா பயிற்சியில், பழைய வேதனைகள் திடீரென்று மேலே வருவதுண்டு. அப்போது பக்கத்தில் இருப்பவர் உளவியல் படித்தவராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய பக்கவிளைவு, சரியான சிகிச்சை ஆறு மாதம் தள்ளிப்போவது.

பயிற்சி ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. குறைப்பதாக இருந்தாலும் எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லித்தான்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். எங்கே போவது?

பாருங்கள், தவறில்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். அதைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். உடலின் அளவுகளை உடனுக்குடன் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக்குக்கென்றே (நியூரோஃபீட்பேக்கும் அதில் ஒரு வகை) பி.சி.ஐ.ஏ. என்ற சர்வதேசச் சான்றிதழ் உண்டு. கருவி விற்ற கம்பெனி இரண்டு நாள் வகுப்பு எடுத்துக் கொடுத்த தாளை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறை தலைக்காயம் பட்டவர்களுக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்து ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறது. அரசு நிறுவனம், நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில். முதல் கருத்தை அங்கே கேட்பது உத்தமம்.

போகுமிடத்தில் பேச்சை இப்படி ஆரம்பியுங்கள்: ‘என் பிள்ளைக்கு எந்த அலையை, எந்த இடத்தில், ஏன் பழக்கப் போகிறீர்கள்? பத்தாவது செஷனில் எதைப் பார்த்துத் தேறியது என்று சொல்வீர்கள்? தேறாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ மூன்றாவது கேள்விக்கு ‘நிறுத்திவிடுவோம்’ என்று பதில் வந்தால் நல்ல இடம். ‘இன்னும் இருபது செஷன் போட வேண்டியிருக்கும்’ என்றால் யோசியுங்கள். நாற்பதுக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். ஆரம்பிக்கும் முன்பே வகுப்பு ஆசிரியரிடம் ஏ.டி.எச்.டி. கேள்வித்தாள் ஒன்றை நிரப்பி வாங்கி வையுங்கள். பயிற்சி நடப்பதை அவரிடம் சொல்லாமல் பத்து வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். திரையில் ஏறும் மதிப்பெண்ணைவிட அந்தத் தாள் உண்மையைச் சொல்லும்.

ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், மனச்சோர்வு, ஞாபகமறதி, மைக்ரேன் என்று ஒரே பலகையில் எல்லாவற்றையும் எழுதியிருந்தால் நடையைக் கட்டுங்கள். அமெரிக்காவில் நியூரோகோர் என்ற பெரிய மையச் சங்கிலி இப்படி நிறைய நோய்களைச் சொல்லி விளம்பரம் செய்தது. ஆதாரம் போதாது, அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள் என்று 2018இல் அங்குள்ள விளம்பர மறுஆய்வு வாரியம் பரிந்துரைத்தது.

நோய் எதுவும் இல்லை. படிப்பில், வேலையில் இன்னும் கூர்மையாக இருக்க உதவுமா? நீட் எழுதும் மகளுக்கு?

அந்தப் பணத்துக்கு அவளை எட்டு மணி நேரம் தூங்கவிடலாம். ஆரோக்கியமானவர்களின் கவனம், ஞாபகம் கூடியதாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு. பரீட்சை மதிப்பெண்ணை உயர்த்தும் என்று அவற்றை நம்பிப் பணம் கட்ட முடியாது.

வீட்டிலேயே தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டை விற்கிறார்களே?

மியூஸ் போன்றவை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் உலர்ந்த சென்சார், ஃபோனில் ஆப், மனம் அமைதியானால் பறவைச் சத்தம். தியானம் பழக ஒரு விளையாட்டுச் சாமானாகப் பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நெற்றி கண்ணுக்கும் புருவத் தசைக்கும் மிகப் பக்கம், உச்சந்தலையில் சென்சாரே கிடையாது. சிகிச்சை என்று நினைத்து வாங்க வேண்டாம்.

பாதியில் நிறுத்தினால் மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

ஒன்றும் ஆகாது. ‘பாதியில் விட்டால் அலை குழம்பிவிடும்’ என்று யாராவது சொன்னால், மீதிப் பணம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்று ரசீதைப் பாருங்கள்.